கடைமடைக்குத் தண்ணீர் வந்த வழக்கு

எங்கள் சட்டக் கல்லூரியில் 'தவறான தண்டனைகள் ஆய்வு மைய'த்தைத் திறந்து வைக்க வந்தவர், தங்கையனுக்கு ஆயுள் தண்டனை கொடுத்த அதே நீதிபதிதான். அன்றைக்கு இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவருக்குப் பூச்செண்டு கொடுக்கிற வேலையை வேறு யார் தலையிலாவது கட்டியிருப்பேன்.

மையம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நூலகத்துக்குப் பின்னால் உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த ஓர் அறை. பெஞ்சுகளை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, மறுபக்கத்துக்கு மட்டும் வெள்ளையடித்து, வாசலில் பலகை மாட்டினார்கள். பேராசிரியர் தில்லைநாயகம் இயக்குநர். இரண்டாம் ஆண்டு மாணவிகளான நானும் மங்களாம்பிகையும் ஆய்வாளர்கள். நான் ஹமீதா பானு. அத்தாவுக்கு முத்துப்பேட்டையில் ஜவுளிக்கடை. மங்களம் குத்தாலத்துக்காரி, குத்தகை விவசாயி வீட்டுப் பெண். பையன்கள் யாரும் மையத்தில் சேரவில்லை. தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது; அவர்களுக்கு இரண்டு கட்சியிலும் வேலை இருந்தது.

ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி சாம்பமூர்த்தி திறப்புரை ஆற்றினார்.

"என் சர்வீஸில் ஒரு தீர்ப்புகூடத் தவறியதில்லை," என்றார். "சில தீர்ப்புகளை அப்பீலில் மாற்றினார்கள். அது மேலே உட்கார்ந்திருந்தவர்களின் தவறு. ஓர் ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிடும். சாட்சி, குறுக்கு விசாரணை எல்லாம் சட்டம் கேட்கிறதே என்று நடத்துவதுதான். நான் கேட்கிறேன், செய்யாதவன் ஏன் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போகிறான்? நான் போயிருக்கிறேனா? உங்கள் பேராசிரியர் போயிருக்கிறாரா?"

பேராசிரியர் பலமாகத் தலையாட்டி, தான் போனதில்லை என்று சபைக்குத் தெரிவித்தார். பிறகு நன்றியுரையில் ஆய்வின் நெறிமுறைகளை விளக்கினார். தவறான தண்டனைகளைத் தேட வேண்டும். ஆனால் கண்டுபிடித்து யார் மனதையும் புண்படுத்தக் கூடாது. கண்டுபிடித்தே தீர வேண்டுமென்றால் வெள்ளைக்காரன் காலத்தில் கண்டுபிடிக்கலாம். சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் செத்துப்போய்விட்டதால் அங்கே நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார்.

நாங்களும் சமர்த்தாக வெள்ளைக்காரன் காலத்தில்தான் தேடிக்கொண்டிருந்தோம், சாவித்திரி அக்கா வந்து சேருகிற வரைக்கும்.

கும்பகோணம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு அவர் முகத்தில் இருந்தது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"செய்யாத குத்தத்துக்கு உள்ள போனவங்களத் தேடுறதா போர்டுல போட்டிருக்காமே. எங்க வீட்டுக்காரரு ஒருத்தரு இருக்காருங்க."

பேராசிரியர் திடுக்கிட்டுப் போனார். தேடுகிற பொருள் தானாக வந்து வாசலில் நிற்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "இது ஆய்வு மையம்மா. இங்கே மனு வாங்க மாட்டோம்," என்றார்.

"மனு கொண்டாரலைங்கய்யா. மனு குடுத்து அலுத்துப் போயித்தான் இங்க வந்தேன்."

பேராசிரியருக்கு உடனே வேறு வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் பெஞ்சைத் துடைத்து அக்காவை உட்கார வைத்தோம்.

அவர் கணவர் தங்கையன், மடைக்குடியில் மிராசுதார் பஞ்சநதத்தின் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர். அப்பா காலத்திலிருந்து உழவு அவர்களுடையதுதான். குத்தகைதாரர் பெயரைச் சர்க்கார் பதிவில் ஏற்றிக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தபோது, தங்கையன் தாலுக்கா ஆபீசுக்குப் போய் எழுதிக் கொடுத்தார். 'இந்த ஆள்தான் உழுகிறார்' என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும். மிராசுதாருக்கு எதிராக ஊரில் யாரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் மிராசுதாரின் சொந்தக் காவல்காரர் சிங்காரம், "நான் சொல்றேன்டா" என்று முன்வந்தார். தாசில்தாரிடம் சொல்லப் போக வேண்டிய நாளைக்கு முந்தின நாள் காலையில், பாசன வாய்க்கால் கரையில் சிங்காரம் செத்துக் கிடந்தார். நுரையீரல் நிறையத் தண்ணீர்.

போலீஸ் எழுதிய கதை இதுதான்: ராத்திரியில் தங்கையன் வாய்க்கால் கரையை வெட்டித் தன் வயலுக்குத் தண்ணீர் திருப்பினார். சிங்காரம் பார்த்துவிட்டார். தங்கையன் அவர் தலையை வாய்க்கால் தண்ணீரில் அமுக்கிக் கொன்றுவிட்டார். கண்ணால் பார்த்த சாட்சிகள் இரண்டு பேர். இரண்டு பேரும் மிராசுதார் வீட்டுப் பண்ணையாட்கள்.

"வாய்க்கால்ல தண்ணியே இல்ல தங்கச்சி," என்றார் சாவித்திரி அக்கா. "ஆடி முடிஞ்சும் வரல. வாய்க்காலுக்குள்ள எறங்கி ஆடு மேஞ்சுச்சு. ஊருலயே தண்ணி கெடந்த எடம் ஒண்ணுதான். மிராசுதாரு தோப்புக் கொளம். போர் போட்டு ரொப்பி வச்சு மீனு வளத்தாரு. சுத்தி முள்ளு வேலி வேற."

"கோர்ட்டுல சொல்லலையா அக்கா?" என்று கேட்டாள் மங்களம்.

"சொல்லாம இருப்பமா? மந்திரி வந்து கடைமடைத் தண்ணிக்குப் பூப் போட்டாரு, போட்டா பேப்பர்ல வந்திருக்கு, நீ தண்ணி இல்லங்கிறியான்னு ஜட்ஜய்யா சத்தம் போட்டாரே."

போட்டோ வந்தது உண்மைதான். அந்த வருஷம் 'கடைமடை வரை காவிரி பாய்ந்தது' என்று அரசு அறிவித்திருந்தது. மந்திரி வந்த அன்று மதகுக்குக் கீழே இரண்டு டேங்கர் லாரித் தண்ணீரைக் கொட்டிக் குட்டை கட்டினார்கள். மந்திரி பூவைத் தூவினார். அவருடைய கார் மெயின் ரோட்டைத் தொடுவதற்குள் தண்ணீரை மண் குடித்துவிட்டது. பூ மட்டும் மிஞ்சியது. ஆக, தங்கையன் நிரபராதி என்றால் மந்திரி பொய் சொன்னார் என்று ஆகும். மந்திரி பொய் சொல்ல மாட்டார். எனவே தங்கையன் கொலைகாரர். எங்கள் பாடப் புத்தகத்தில் இந்தச் சட்டம் இல்லை.

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் மட்டும் யாரையும் கலந்துகொள்ளாமல் உண்மையை எழுதியிருந்தார். செத்தவர் வயிற்றிலிருந்த தண்ணீரில் புண்ணாக்கும் தவிடும் கலந்திருந்தன. மீன் குளத்தில் கொட்டுகிற தீனி. அரசு வழக்கறிஞர் இதற்கும் அசரவில்லையாம். 'காவிரித் தண்ணீர் வளமானது, அதில் எல்லாச் சத்தும் இருக்கத்தான் செய்யும்' என்று வாதாடியிருக்கிறார். நீதிபதி அதை ரசித்துத் தீர்ப்பிலேயே சேர்த்திருக்கிறார்.

"எந்த ஜட்ஜு அக்கா?" என்றேன்.

"சாம்பமூர்த்தி அய்யா."

பூச்செண்டு கொடுத்த கையை என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

நாங்கள் கிளம்பினோம். முதலில் மடைக்குடி. டீக்கடையில் கேட்டவர்கள் எல்லோரும் அந்த வருஷம் தண்ணீர் வரவே இல்லை என்றார்கள். கோர்ட்டில் சொல்வீர்களா என்று கேட்டோம். உடனே வந்தது என்றார்கள். நல்லா வந்துச்சு, கரை தளும்ப வந்துச்சு என்றார் ஒருவர். திரும்பிப் பார்த்தால், எங்களுக்குப் பின்னால் பஞ்சநதத்தின் கார் நின்றுகொண்டிருந்தது.

அடுத்து, பாசன இலாகாவின் செயற்பொறியாளர். மேசைக்குப் பின்னால் சுவரில், கடைமடை வரை தண்ணீர் கொண்டுபோனதற்காக அவருக்குக் கொடுத்த பாராட்டுச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது.

"தண்ணீர் போய்ச் சேர்ந்தது," என்றார்.

"எவ்வளவு சார்?"

"தேவையான அளவு."

"நாற்று விடத் தேவையான அளவா?"

"அறிவிப்புக்குத் தேவையான அளவு." எங்கள் அறியாமையைப் பார்த்து அவருக்கு இரக்கம் வந்தது. "இதோ பாருங்கள். மேட்டூரில் திறந்தால் கல்லணைக்கு வரும். கல்லணையில் திறந்தால் கடைமடைக்குப் போகும். இது விஞ்ஞானம். நடுவில் தண்ணீர் எங்கேயாவது தங்கிவிட்டால் அதற்கு இலாகா பொறுப்பாக முடியாது. கணக்குப்படி அது போய்ச் சேர்ந்துவிட்டது."

"எங்க அப்பா வயலு அந்த வருசம் கருகிப் போச்சு சார்," என்றாள் மங்களம்.

"எந்த ஊர்?"

"குத்தாலம்."

"அங்கே முந்தின வாரமே வந்துவிட்டதே! உங்கள் அப்பா வயலில் இல்லாத நேரமாகப் பார்த்து வந்திருக்கும்."

மங்களம் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். இழுக்காமல் இருந்திருந்தால் நான் அந்தச் சான்றிதழைக் கழற்றி அவர் தலையில் மாட்டியிருப்பேன்.

பிறகு ஜெயிலுக்குப் போனோம். தங்கையன் கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். ஒடிசலான ஆள். எங்களை விட்டுவிட்டுச் சாவித்திரி அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா, எருமை கன்று போட்டதைச் சொன்னார். கிடாரிக் கன்றா என்று அவர் கேட்டார்.

ஜெயில் சூப்பிரண்டு நல்ல மனிதர். எங்களுக்கு டீ வரவழைத்துக் கொடுத்து விளக்கினார்.

"நிரபராதிகளை வெளியே அனுப்ப எங்களிடம் வழியே கிடையாது அம்மா. குற்றவாளிகளுக்குத்தான் சலுகை உண்டு. தலைவர் பிறந்தநாளுக்கு முன்விடுதலை கொடுக்கிறார்கள். இவர் கொஞ்சம் ஒத்துழைத்து, 'கொன்றேன், திருந்திவிட்டேன்' என்று எழுதிக் கொடுத்தால் போதும். விழா மேடையில் நின்று தலைவரை வாழ்த்தி இரண்டு வார்த்தை. நேரே வீட்டுக்குப் போய்விடலாம். செய்யாதவராக இருந்தால் நாங்கள் என்னதான் செய்ய முடியும், நீங்களே சொல்லுங்கள்?"

நான் தங்கையனைப் பார்த்தேன். உள்ளுக்குள் ஒரு மூலையில், எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்களேன் என்றுதான் எனக்கும் இருந்தது.

"எழுதிக் குடுத்தா குத்தகை போயிரும். அது போவட்டும் தங்கச்சி," என்றார் அவர். "சிங்காரம் மாமா எனக்குன்னு வாயத் தொறந்த ஒரே மனுசன். அவரக் கொன்னவன்ங்கிற பேரோட அந்த வரப்புல எப்புடி நடப்பேன்? அவரு பொண்டாட்டி மொகத்துல எப்புடி முழிப்பேன்? கொன்னவன் வெளிய சுத்துறான். நான் கையெழுத்துப் போட்டா அவன் சாவுற வரைக்கும் சுத்துவான்."

"பிடிவாதக்காரர்," என்று சூப்பிரண்டு வருத்தப்பட்டார். "இந்த மாதிரி ஆட்களால்தான் ஜெயிலில் இடநெருக்கடி."

வெளியே வந்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மங்களம் அழவில்லை. "இவனுங்கள விடவே கூடாது ஹமீதா," என்று பல்லைக் கடித்தாள்.

நாங்கள் எழுதிக் கொடுத்த அறிக்கையைப் பேராசிரியர் சிவப்பு மையால் திருத்தினார். 'வாய்க்காலில் தண்ணீர் இல்லை' என்ற இடத்தில் 'தண்ணீர் எதிர்பார்த்ததைவிடச் சற்று அடக்கமாகக் காணப்பட்டது' என்று போட்டார். 'தங்கையன் குற்றமற்றவர்' என்பதை 'தங்கையன் குறித்துத் தங்கையனுக்கு மாற்றுக் கருத்து உள்ளது' என்று ஆக்கினார்.

அதற்குள் தேர்தல் வந்தது. ஆட்சி மாறியது. புது ஆட்சி வந்த கையோடு, பழைய ஆட்சியின் 'காவிரிப் பித்தலாட்டத்தை' விசாரிக்கக் கமிஷன் போடப் போவதாக அறிவித்தது. கடைமடைக்குச் சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை என்பது இப்போது அரசின் கொள்கை. அதே செயற்பொறியாளர், தண்ணீர் வந்திருக்க விஞ்ஞானப்படி வாய்ப்பே இல்லை என்று பேட்டி கொடுத்தார். மிராசுதார் பஞ்சநதம் வேட்டிக் கரையை மாற்றிக் கட்டிக்கொண்டு புதுக் கட்சியில் சேர்ந்தார்.

நாங்கள் குதித்துக்கொண்டு அரசு வழக்கறிஞரிடம் ஓடினோம். தண்ணீர் வரவில்லை என்று அரசே சொல்லிவிட்டதே, தங்கையனை விட்டுவிடலாமே என்றோம்.

"தண்ணீர் வரவில்லை என்பது அரசின் நிலைப்பாடு," என்றார் அவர். "அந்தத் தண்ணீரில் தங்கையன் ஆளை அமுக்கினான் என்பது வழக்கின் நிலைப்பாடு. இது வேறு இலாகா, அது வேறு இலாகா. இரண்டையும் போட்டுக் குழப்பினால் நிர்வாகம் நடக்குமா? அதோடு, மிராசுதார் இப்போது நம்ம ஆள்."

அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து மங்களம் ஒரு யோசனை சொன்னாள். நம் பக்கத்துப் பெரிய மனிதர்களை உண்மை பேச வைக்க அடியும் வேண்டாம், உதையும் வேண்டாம். ஒரு பாராட்டு விழா எடுத்தால் போதும் என்றாள்.

தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழம் வைத்துக்கொண்டு பஞ்சநதத்தின் வீட்டுக்குப் போனோம். வறட்சியில் மடைக்குடியைக் காத்த வள்ளலுக்கு எங்கள் மையம் விழா எடுக்க விரும்புவதாகச் சொன்னோம். அப்படி அவர் யாரையும் காத்ததாக ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அவருக்கும் அப்போதுதான் தெரிய வந்தது. ஆனால் மறுக்கவில்லை.

"தலைமை யாரு பாப்பா?"

"நீதிபதி சாம்பமூர்த்தி அய்யா."

"வீடியோ உண்டுல்ல?"

கும்பகோணத்தில் கல்யாண வீடியோ எடுப்பவரைப் பேசியிருப்பதாகச் சொன்னோம். மிராசுதார் அங்கேயே மீசையைத் தடவிக் கொடுத்துக்கொண்டார். சாம்பமூர்த்தியும் உடனே ஒப்புக்கொண்டார். தண்ணீர்க் கமிஷனுக்குத் தலைவர் பதவி வாங்க அவர் அலைந்துகொண்டிருந்த சமயம் அது. விழாவுக்கு ஆளும் கட்சிக்காரர்கள் வருவார்கள் என்பதே அவருக்குப் போதும். பேராசிரியர் வரவேற்புரை. எதற்கு விழா என்று கடைசிவரை யாரும் எங்களைக் கேட்கவில்லை.

மடைக்குடி பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். பொன்னாடை போர்த்தி முடிக்கவே பாதி நேரம் போய்விட்டது. பஞ்சநதம் ஏழெட்டுச் சால்வைக்குள்ளிருந்து தலையை வெளியே நீட்டி மைக்கைப் பிடித்தார்.

"அந்தப் பாவிகளின் ஆட்சியிலே ஒரு சொட்டுத் தண்ணீர் வந்ததா? கேட்கிறேன், வந்ததா? வாய்க்காலில் ஆடு மேய்ந்தது! ஆவணி பிறந்த பிறகும் வாய்க்காலுக்குள்ளே நான் மாட்டு வண்டி ஓட்டினேன்! தாய்மார்களே, நாக்கு வறண்டு நாடே தவித்தபோது, இந்த ஊரில் தண்ணீர் இருந்த ஒரே இடம் எது? என் தோப்புக் குளம்! புண்ணாக்கையும் தவிட்டையும் அள்ளிக் கொட்டி நான் மீன் வளர்த்த குளம்! மீன் செத்தால் சாகட்டும், மக்கள் வாழட்டும் என்று வேலியைத் திறந்துவிட்டவன் இந்தப் பஞ்சநதம்!"

கைதட்டல் பறந்தது. சாம்பமூர்த்தியும் தட்டினார். தட்டிக்கொண்டிருந்த கை பாதியில் நின்றதை நான் பார்த்தேன். புண்ணாக்கு என்ற சொல் அவர் மூளைக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆனது.

பெண்கள் வரிசையிலிருந்து சாவித்திரி அக்கா எழுந்தார்.

"அய்யா, ஒரு சந்தேகம். வாய்க்கால்ல தண்ணி இல்லன்னா, சிங்காரம் மாமா எதுல முங்கிச் செத்தாரு?"

பஞ்சநதம் மேடையில் இருந்தவர்களைப் பார்த்தார். மேடையில் இருந்தவர்கள் கூரையைப் பார்த்தார்கள்.

"அது," என்றார். "அது போன ஆட்சியில நடந்த சாவு! அதுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?"

பேராசிரியர் அவசர அவசரமாக நாட்டுப்பண் போடச் சொன்னார். வீடியோக்காரர் மட்டும் லைட்டை அணைக்காமல், வேர்த்துக்கொட்டிய பஞ்சநதத்தின் முகத்தைக் கல்யாண மாப்பிள்ளையைப் போல நெருக்கமாகப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அவரை நான் இன்றைக்கும் தொழுகை முடிந்து துஆ கேட்கும்போது நினைத்துக்கொள்கிறேன்.

விவசாயச் சங்கத்து வக்கீல் ஜெக்கரியா அந்தக் கேசட்டை எடுத்துக்கொண்டு மெட்ராஸுக்குப் போனார். மேல் கோர்ட்டில் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, பழைய தீர்ப்பைத் தூக்கிப் போட்டு, மறுபடி விசாரிக்கச் சொல்லி எங்கள் ஜில்லாவின் செஷன்ஸ் கோர்ட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். பஞ்சநதத்தைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். தண்ணீர் வந்தது என்றால் கட்சியில் சீட்டுக் கிழியும். வரவில்லை என்றால் குளம் இருக்கிறது. அவர் நடுவழியைப் பிடித்தார்.

"வந்துச்சுங்க. ஆனா ரொம்ப வரல. கணுக்காலளவு."

"அந்தக் கணுக்காலளவுத் தண்ணியில மீன் வளத்தாங்களா? புண்ணாக்கு எங்கேருந்து வந்துச்சு?" என்றார் ஜெக்கரியா.

பஞ்சநதம் தண்ணீர் கேட்டார். கோர்ட்டே சிரித்துவிட்டது. அவர் உளறுகிற உளறலைப் பார்த்து, அன்று கண்ணால் பார்த்ததாகச் சொன்ன பண்ணையாட்கள் இரண்டு பேருக்கும் குலை நடுங்கிவிட்டது. இவர் எப்படியும் நம் தலையில் கட்டிவிட்டுப் போய்விடுவார் என்று, ஒருவன் அங்கேயே வாயைத் திறந்தான். மிராசுதார் சொல்லித்தான் குளத்தில் அமுக்கினோம், விடியுமுன்னே தூக்கி வந்து வாய்க்கால் கரையில் போட்டோம் என்றான். பஞ்சநதத்தை வாசலிலேயே கைது செய்தார்கள். ஜீப்பில் ஏறும்போது அவருடைய கரை வேட்டி கதவில் மாட்டிக் கிழிந்தது. எனக்கு அது குளுகுளுவென்று இருந்தது, பொய் சொல்வானேன்.

தீர்ப்பு நாளன்று புது நீதிபதி நாலு வரியில் முடித்தார். "குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை. விடுதலை. கூண்டை விட்டு இறங்கலாம்."

தங்கையன் இறங்கவில்லை.

"இறங்கலாம் என்று சொன்னேன்," என்றார் நீதிபதி.

"உள்ள போட்டவங்க வந்து தப்புன்னு ஒரு வார்த்த சொல்லட்டுங்கய்யா. எறங்கிர்றேன்."

நீதிபதி புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். தண்டிக்க நூறு வழி இருந்தது, மன்னிப்புக் கேட்க ஒரு வழியும் இல்லை. "அதற்குச் சட்டத்தில் இடமில்லை. இறங்காவிட்டால் கோர்ட்டை அவமதித்ததாக ஜெயிலுக்கு அனுப்ப வேண்டிவரும்."

"அனுப்புங்க. எடம் பழக்கந்தான்."

ஜெயிலுக்குப் போன் போட்டார்கள். விடுதலையான ஆளைப் புது வழக்கில்லாமல் உள்ளே எடுக்க முடியாது என்று சூப்பிரண்டு சொல்லிவிட்டார். போலீஸ்காரர்கள் தூக்கிவிடலாமா என்று பார்த்தார்கள். அதற்குள் பத்திரிகைக்காரர்கள் காமிராவோடு வந்துவிட்டார்கள். அடுத்த வழக்கு கூட்டுக்கொள்ளை. குற்றம் சாட்டப்பட்டவர்கள் வந்து பார்த்துவிட்டு, கூண்டில் இடமில்லாமல் படியில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருவர், "அண்ணன் சொல்றதும் நாயந்தானே," என்றார். நீதிபதி கோர்ட்டை ஒத்திவைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சாவித்திரி அக்கா என் பக்கத்தில் நின்றார். விடுதலையாகிவிட்டார், கூட்டிக்கொண்டு போங்கள் என்று யாரோ சொன்னார்கள். "அவரு வரட்டும்னு நான் எவ்வளவோ நாள் காத்திருந்திட்டேன். இன்னும் கொஞ்ச நேரந்தானே," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. குரல் கலங்கவில்லை.

அரசு வழக்கறிஞர்தான் சாம்பமூர்த்திக்குப் போன் செய்தார். மறுநாள் பேப்பரில் இந்தப் படம் வந்தால் கமிஷன் தலைவர் பதவி கோவிந்தாதான் என்று நயமாக எடுத்துச் சொன்னாராம். மத்தியானத்துக்கு மேல் சாம்பமூர்த்தியின் கார் வந்தது. புது நீதிபதியும் மேடையில் வந்து உட்கார்ந்தார். சாம்பமூர்த்தி வக்கீல்கள் வரிசையில் நின்றபடி, யார் முகத்தையும் பார்க்காமல், "ஐ ரிக்ரெட்," என்றார்.

"தமிழ்ல சொல்லுங்கய்யா," என்றார் தங்கையன். "தண்டனைய எனக்குப் புரியிற மாதிரிதானே சொன்னீங்க."

சாம்பமூர்த்தி ஏதோ முணுமுணுத்தார்.

"அங்கேருந்து சொன்னா கேக்கலைங்க. இங்க வந்து சொல்லுங்க." தங்கையன் கூண்டை விட்டு இறங்கினார். அதன் மரக்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

சாம்பமூர்த்தி புது நீதிபதியைப் பார்த்தார். புது நீதிபதி காற்றாடியைப் பார்த்தார். பத்திரிகைக்காரர்கள் காமிராவைத் தூக்கினார்கள். சாம்பமூர்த்தி ஏறினார். கூண்டில் ஒரு ஆள் புதிதாக ஏறியதைப் பார்த்ததும் பெஞ்சு கிளார்க் பழக்கதோஷத்தில் எழுந்து, "நான் சொல்வதெல்லாம் உண்மை, உண்மையைத் தவிர வேறில்லை, சொல்லுங்க," என்றார். அவரும் சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகு அவரால் நிறுத்த முடியவில்லையோ என்னவோ. "நான் விசாரிக்கவே இல்லை," என்றார். "மிராசுதார் நல்ல மாதிரி என்று கலெக்டர் சொன்னார். மந்திரி போட்டோ வேறு இருந்தது. இந்த ஆள் சொன்னதைக் கேட்டால் பெரிய இடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று கேட்காமலே எழுதினேன். தங்கையன் செய்யவில்லை. தப்பு என்னுடையது."

தங்கையன் பின்னால் திரும்பிப் பார்த்தார். கடைசி வரிசையில், சுவரோடு ஒட்டி, சிங்காரத்தின் மனைவி ராசம்மாள் நின்றுகொண்டிருந்தார்.

"அங்க நிக்கிறவங்களுக்குக் கேக்கலையாம்," என்றார் தங்கையன். "இன்னொரு தரம்."

சாம்பமூர்த்தி இன்னொரு தரம் சொன்னார். இந்தத் தடவை குரல் உடைந்துபோய், கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வயசானவர். எனக்குப் பரிதாபம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை.

"கேக்கல!" என்று நானும் கத்தினேன். "இன்னொரு தரம்!"